வலை ஏற்றிய படகும் துப்பாக்கி ஏற்றிய படகும்

1898ஆம் ஆண்டு. கியூபாவின் ஹவானா துறையிலிருந்து கடலுக்குப் போன இரண்டு பாய்மரப் படகுகள் பிடித்த மீனோடு கரை திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்றில் மூன்று பேர், மற்றதில் ஆறு பேர். அவர்கள் கடலில் இருந்த நாட்களில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டுவிட்டது. அந்தச் செய்தி படகிலிருந்தவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் கடற்படை இரண்டு படகுகளையும் மடக்கி, கீ வெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஏலம் விட்டது. ஒன்று 490 டாலருக்கும் மற்றது 800 டாலருக்கும் போனது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1900 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: கரையோரம் மீன்பிடித்துப் பிழைக்கிறவர்களின் படகைப் போர்க்காலத்தில்கூடப் பிடிக்கக் கூடாது, விற்ற பணத்தை நஷ்ட ஈட்டோடு உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தன் நாட்டுக் கடற்படைக்கு எதிராக, எதிரி நாட்டுக் கொடி கட்டிய படகுக்காக, அந்த நாட்டு நீதிமன்றமே சொன்ன தீர்ப்பு இது. அதற்கு ஆதாரமாக எழுதிய ஒப்பந்தம் எதுவும் அன்றைக்கு இல்லை. 1403இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி போட்ட ஆணையிலிருந்து தொடங்கி, நாடுகள் காலங்காலமாகக் கடைப்பிடித்து வந்த வழக்கத்தையே நீதிபதிகள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். 1907 ஹேக் உடன்படிக்கையில் அது எழுத்திலும் ஏறியது.

போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் சட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். எங்கள் கரையில் இது சட்டென்று புரிகிறது. படகில் வலை இருக்கும்வரை தொடாதே. அதே படகு துப்பாக்கி ஏற்றினால், படைக்கு உளவு சொன்னால், பாதுகாப்பு போய்விடும். படகுக்காரர் எந்த ஊர், எந்தச் சாதி, மனதுக்குள் யாருக்கு ஆதரவு என்று சட்டம் கேட்பதில்லை. இந்த நேரத்தில் இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டுமே கேட்கிறது.

பாம்பன் குந்துகால் பக்கம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். முடிக்கும் முன்பே ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "அப்ப நம்ம போட்டையெல்லாம் பிடிச்சிட்டுப் போறானுகளே தம்பி, அதுக்கு இந்தச் சட்டம் செல்லாதா?"

நியாயமான கேள்வி. பதில்: செல்லாது. காரணம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இப்போது போர் நடக்கவில்லை. எல்லை தாண்டி மீன்பிடித்ததாகச் சொல்லி ஒரு நாடு தன் மீன்வளச் சட்டப்படி எடுக்கிற நடவடிக்கை அது. அதனால் மீனவருக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. அங்கே வேறொரு சட்டம் வேலை செய்கிறது, அதுதான் மனித உரிமைச் சட்டம். பிடிபட்டவரை அடிக்கக் கூடாது, குற்றம் என்னவென்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், அவர் நாட்டுத் தூதரக அதிகாரியைப் பார்க்க விட வேண்டும், நிராயுதபாணியைச் சுடக் கூடாது. தூதரக விதியைத் தவிர மற்றவற்றுக்குப் பொதுவான அடிப்படை, குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை. இந்தியா அதில் 1979இலும் இலங்கை 1980இலும் சேர்ந்தன.

ஆக, இரண்டு சட்டங்கள். மனித உரிமைச் சட்டம் எப்போதும் உண்டு. போர் வந்தால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அதற்குப் பெயர் சர்வதேச மனிதாபிமானச் சட்டம். அவசரநிலையைக் காட்டி அரசு சில உரிமைகளைக் கொஞ்சகாலம் சுருக்கலாம். ஆனால் சித்திரவதை செய்யாதே என்ற விதியை எந்த அவசரநிலையும் தளர்த்தாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் 'ஜெனீவா' என்று வந்தால் பெரும்பாலும் அது ஐ.நா. மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தைக் குறிக்கும். ஜெனீவா உடன்படிக்கைகள் வேறு. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த சண்டைக்குப் பிறகு, காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து மனம் பொறுக்காத ஆன்ரி துனான் என்ற வியாபாரி எடுத்த முயற்சியில் செஞ்சிலுவைச் சங்கமும், 1864இல் முதல் உடன்படிக்கையும் பிறந்தன. இன்று நடப்பில் உள்ள நான்கு உடன்படிக்கைகள் 1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்டவை. முதலாவது நிலத்தில் காயம்பட்ட படைவீரருக்கு, இரண்டாவது கடலில் காயம்பட்டும் கப்பல் உடைந்தும் தத்தளிப்பவருக்கு, மூன்றாவது போர்க் கைதிக்கு, நான்காவது பொதுமக்களுக்கு.

நான்கிலும் மாறாமல் வரும் ஒரு பிரிவு இருக்கிறது, மூன்றாம் பிரிவு. நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது முதலில் அதைத்தான். மற்ற பிரிவுகள் பெரும்பாலும் நாடும் நாடும் மோதும் போருக்கானவை. மூன்றாம் பிரிவு ஒரு நாட்டுக்குள்ளேயே அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் போருக்கானது. இலங்கையில் நடந்தது அப்படிப்பட்ட போர். சண்டையில் பங்கெடுக்காதவரையும், ஆயுதத்தைக் கீழே போட்டவரையும், காயம்பட்டவரையும், பிடிபட்டவரையும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும். கொல்லக் கூடாது, வதைக்கக் கூடாது, பணயமாக வைக்கக் கூடாது, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டனையை நிறைவேற்றக் கூடாது. இந்தப் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிற அளவுக்கு ஆயுதக் குழுவையும் கட்டுப்படுத்துகிறது. எங்கள் போராட்டம் நியாயமானது என்று ஒரு பக்கமும், நாங்கள் பயங்கரவாதத்தை ஒடுக்குகிறோம் என்று மறுபக்கமும் சொல்லலாம். போர் ஏன் வந்தது என்ற அந்த வழக்கு தனி. நடக்கிற போரில் என்ன செய்தாய் என்பதே இங்கே விசாரணை.

1977இல் வந்த கூடுதல் நெறிமுறைகள் இந்த விதிகளை இன்னும் விரிவாகச் சொல்கின்றன. இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. ஆனாலும் அவற்றின் முக்கியமான விதிகள், அந்த ஹவானா படகு விதியைப் போலவே, வழக்காறாக எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றன. 2005இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அப்படிப்பட்ட 161 விதிகளைத் தொகுத்து வெளியிட்டது.

விதிகளை வரிசையாகச் சொன்னால் மனதில் நிற்காது. இலங்கை அகதிகள் தங்கியிருக்கும் மண்டபம் முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990இல் தாயோடு படகேறி வந்தவர். விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கப் போகும் பழக்கத்தில் அறிமுகம். ஒரு நாள் பாலித்தீன் பை ஒன்றை எடுத்து வந்து பிரித்தார். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. கடல் தண்ணீர் படாமல் கொண்டுவந்த காகிதங்கள்: இரண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை, தம்பியின் பள்ளித் தேர்ச்சி அறிக்கை. தம்பி வரவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்தில் விழுந்த 'செல்' என்ற பீரங்கிக் குண்டில் இறந்துபோனான்.

"நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான், தம்பி. அவன் தலையிலை எண்ணெய் வச்சுக்கொண்டு முத்தத்திலை நிண்டவன். ஆமி எங்களுக்கெண்டு அடிச்சதோ, பொடியளுக்கெண்டு அடிச்சதோ, ஆருக்குத் தெரியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சட்டப்படி அது சரியோ, பிழையோ?"

சட்டம் இதற்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறது. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதல் கேள்வி, குறி யார்? பொதுமக்களைக் குறிவைத்து அடித்தால் அது போர்க்குற்றம். குறியே வைக்காமல், ஊர்ப் பக்கமாகக் குத்துமதிப்பாக அடிப்பதும் தடை செய்யப்பட்டதுதான். அப்படியானால் யார் பொதுமக்கள்? படையிலும் ஆயுதக் குழுவிலும் இல்லாத எவரும். இயக்கத்துப் பொடியன்களுக்குச் சோறு கொடுத்தவர், இயக்கத்துக்கு வரி கட்டியவர், இயக்கத்துக்குப் போன பிள்ளையின் தாய், எல்லோரும் பொதுமக்கள்தான். சண்டை நடக்கும் இடத்துக்கு ரவை சுமந்து கொடுத்தால் அந்த வேலை நடக்கும் நேரத்துக்குப் பாதுகாப்பு போகும். சந்தேகம் வந்தால் பொதுமக்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு? குறி ராணுவ இலக்காகவே இருக்கலாம். அந்த வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இரண்டு பேர் துப்பாக்கியோடு நின்றிருக்கலாம். அந்த இருவரை அடிப்பதால் கிடைக்கும் ராணுவப் பயனை ஒரு தட்டிலும், சுற்றியிருக்கும் குடும்பங்களுக்கு வரக்கூடிய சாவையும் காயத்தையும் மறு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இழப்பு மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அடிக்கக் கூடாது. சட்டத்தின் மிகக் கடினமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நிறுக்கிற கை அடிக்கிறவனுடையதாகவே இருக்கிறது.

மூன்றாவது, என்ன கவனம் எடுத்தாய்? இலக்கைச் சரிபார்த்தாயா, சேதம் குறைந்த ஆயுதம் கையில் இருந்தும் பெரியதை எடுத்தாயா, ஆட்கள் வெளியேற நேரம் கொடுத்தாயா? இந்தக் கேள்வி மறுபக்கத்துக்கும் உண்டு. வீடுகளுக்கு நடுவே பீரங்கியைக் கொண்டுவந்து வைப்பதும் விதிமீறல்தான்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "மூண்டுக்கும் பதில் அடிச்சவனிட்டைத்தானே இருக்கு," என்றார். ஆமாம். அதனால்தான் சாட்சியமும் விசாரணையும் இவ்வளவு முக்கியமாகின்றன. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

மருத்துவமனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என 60க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளே புலிகள் இருந்து சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. அப்படியே வைத்துக்கொண்டாலும் சட்டம் என்ன சொல்கிறது? எதிரிக்குத் தீங்கு செய்ய மருத்துவமனையைப் பயன்படுத்தினால்தான் அதன் பாதுகாப்பு போகும். அப்போதும் முன்னெச்சரிக்கை கொடுத்து, அவகாசம் கொடுத்து, அதையும் மீறினால்தான். கட்டடத்தின் பாதுகாப்பு போனாலும் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் பாதுகாப்பும் வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவரின் பாதுகாப்பும் போகாது. நம் நாட்டுப் படை செய்ததை நாமே சொல்லாமல் விட்டால், அடுத்தவர் செய்ததைப் பேச நமக்கு வாய் இருக்காது.

மூன்று வருடம் கழித்து, 1990இல், அதே மருத்துவமனையைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு ஒரு பாதுகாப்பு வலயத்தை அமைத்தது. அரசும் ஒப்புக்கொண்டது, புலிகளும் ஒப்புக்கொண்டார்கள். நடுவில் நம்பிக்கையான மூன்றாம் தரப்பு இருந்தது.

இதை 2009இல் போரின் கடைசிக் கட்டம் நடந்த வன்னிப் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து இலங்கை அரசு அடுத்தடுத்து 'பாதுகாப்பு வலயங்களை' அறிவித்தது. ஒருதலையான அறிவிப்பு, மறு தரப்பின் ஒப்புதல் இல்லை, கண்காணிக்க நடுநிலையான ஆளும் இல்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லி மக்களைக் குவித்த இடத்திலேயே செல் விழுந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனையும் அடி வாங்கியது. புலிகளோ வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தார்கள், ஓடியவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் போய்ப் படையில் சேர்த்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் இரு தரப்பின் மீதும் இந்தக் குற்றச்சாட்டுகளை நம்பத்தகுந்தவை என்று பதிவு செய்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் அந்த அறிக்கையில் உண்டு.

இங்கே தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று: ஒரு தரப்பு விதியை மீறியதால் மறு தரப்பின் கட்டுப்பாடு விலகிவிடாது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தாலும் அந்த மக்கள் பொதுமக்கள்தான். அவர்களை நிறுத்திவைத்தது ஒரு குற்றம் என்றால், அவர்கள் மேல் அடித்தது இன்னொரு குற்றம். ஒன்றைக் கழித்து இன்னொன்றை ரத்து செய்ய முடியாது. இதை இரண்டு பக்கத்து ஆதரவாளர்களிடமும் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இதை விட்டுக்கொடுத்தால் சட்டத்தில் மீதி ஒன்றுமே இல்லை.

முன்னெச்சரிக்கை என்றதும் நம்மில் பலருக்குப் புறநானூற்றின் 9ஆம் பாட்டு நினைவுக்கு வரும். இதே பாண்டிய நாட்டு மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடியது. அம்பு விடப் போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவரும் பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று முன்கூட்டியே அறிவிக்கும் அறநெறி. பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத உழவனும் குயவனும் என்ன ஆனார்கள் என்று யோசித்தால் இன்றைய சட்டத்தின் அருமை தெரியும். இன்று பட்டியல் கிடையாது, சண்டையிடாத எல்லோரும் அடக்கம். எச்சரித்த பிறகும் போக்கிடமின்றி அங்கேயே தங்கிவிட்டவர் இலக்காகிவிட மாட்டார் என்பதையும் இன்றைய சட்டம் சேர்த்துச் சொல்கிறது.

இனி தப்பி வருகிறவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். 1983 தொடங்கி 1990, 1996, 2006 என்று போர் சூடேறும்போதெல்லாம் இந்தக் கரையில் படகு வந்தது. காசு வாங்கிய படகோட்டிகள் பலரை இரவில் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டு 'இதுதான் இந்தியா' என்று சொல்லிப் போய்விடுவார்கள். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். அப்படி நின்றவர்களைப் படகில் ஏற்றி வந்தவர்கள் எங்கள் ஊர் மீனவர்கள்.

உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாதே என்பது அகதிச் சட்டத்தின் உயிர்நாடி. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, நமக்கென்று தனி அகதிச் சட்டமும் இல்லை. கையில் இருப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. அது குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல, இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உயிருக்கான உரிமையைத் தருகிறது என்று சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதியாகச் சொன்னது. உயிர் பிழைத்தார்கள், சரி. அதற்கு மேல்? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்து, முகாமிலேயே பேரன் பார்த்தவர்களில் பலர் இன்னும் இந்தியக் குடிமக்கள் இல்லை. போரில் அகப்பட்ட பொதுமக்களைக் காப்பது துப்பாக்கி ஓய்ந்ததோடு முடிகிற வேலை என்று எண்ணுகிறவர்கள் ஒரு நாள் மண்டபம் வந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு சட்டம் இருந்தும் யார் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கேள்வி வரும். வர வேண்டும். முதல் பொறுப்பு அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்கு. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது, பயன்பட்டதுதான் அரிது. 2002 முதல் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர் இல்லை. கதவு முழுதாக அடைபட்டுவிடவும் இல்லை. போர்க்குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்பது வழக்காற்றுச் சட்டம். சில நாடுகளின் நீதிமன்றங்கள், குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கும் அதிகாரத்தைத் தங்களுக்கு வைத்திருக்கின்றன. 2021இல் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி இலங்கை தொடர்பான சாட்சியங்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. காணாமல் போன உறவுக்கு என்ன ஆனது என்று அறியும் உரிமையும் குடும்பங்களுக்குச் சட்டப்படி உண்டு. வடக்கு இலங்கையில் தாய்மார்கள் 2017 முதல் தெருவோரம் படத்தை ஏந்தி உட்கார்ந்து கேட்பது அந்த உரிமையைத்தான்.

சாட்சியம் என்றால் பெரிய விஷயம் என்று பயந்துவிடுகிறார்கள். எந்த இடம், என்ன நாள், என்ன நேரம், சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது, பக்கத்தில் ஆயுதத்தோடு யாராவது நின்றார்களா, கூட இருந்து பார்த்தவர் யார். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் தம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நாளில் வந்து நின்றுவிட்டோம். வருடம் தெரியும், தேதி தெரியவில்லை. "மடுத் திருவிழாவுக்கு நாலு நாள் முந்தி" என்பது மட்டும் நிச்சயம். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15. நாலு நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 11. கைப்பேசியில் 1990 நாட்காட்டியைத் தேடி எடுத்து, "சனிக்கிழமை வருது அக்கா," என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஓம், சனிதான்," என்றார். "அவன் எண்ணெய் வச்சுக்கொண்டல்லோ நிண்டவன். எழுதுங்கோ தம்பி."